சார்லஸ் ரிச்சர்ட் ட்ரூ

சார்லஸ் ரிச்சர்ட் ட்ரூ (ஜூன் 3, 1904 – ஏப்ரல் 1, 1950) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஓர் அறுவை மருத்துவர், ஆய்வாளர், மருத்துவப் பேராசிரியர் ஆவார். குருதியையும் குருதிநீர்மத்தையும் (பிளாசுமா) கெடாமல் சேமித்துத் தொலைவிடங்களுக்கு அனுப்பும் முறைகளைச் செம்மைப்படுத்தியவர். இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் பிரித்தானியாவுக்குக் குருதிநீர்மம் அனுப்பிய திட்டத்தின் மருத்துவ மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். 45 ஆம் அகவையில் வட கரோலைனா மாநிலத்தில் நேர்ந்த ஒரு மகிழுந்து விபத்தில் மார்பு நசுங்கி உயிரிழந்தார். கறுப்பினத்தவர் என்பதால் அவருக்குக் குருதி ஏற்ற மறுக்கப்பட்டது என்ற செய்தி பல பத்தாண்டுகளாகப் பரவலாக நம்பப்பட்டு வந்தது. அது உண்மையன்று.

பிறப்பும் இளமையும்

ட்ரூ வாசிங்டன் நகரில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் ட்ரூ தரைவிரிப்புகள் பதிக்கும் தொழிலாளி. தாய் நோரா பர்ரெல் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான சார்லஸ் சிறு வயதில் நாளிதழ்கள் விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். அக்காலத்தில் வாசிங்டன் நகரப் பள்ளிகள் இன அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பின மாணவர்களுக்கான பள்ளிகளுள் கல்வித் தரத்தில் சிறந்து விளங்கிய டன்பார் உயர்நிலைப் பள்ளியில் இவர் பயின்று 1922 இல் தேறினார்.

பள்ளியில் இவர் பெரிதும் அறியப்பட்டது விளையாட்டு வீரராகவே. நீச்சல், கூடைப்பந்து, அமெரிக்கக் காற்பந்து, தடகளம் ஆகியவற்றில் சிறந்து விளங்கினார். விளையாட்டுக்கான உதவித்தொகையுடன் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்து 1926 இல் பட்டம் பெற்றார். 1920 இல் தங்கை எல்சி நோயுற்று இறந்ததும், கல்லூரியில் விளையாட்டுக் காயத்துக்காகத் தானே மருத்துவமனையில் தங்க நேர்ந்ததும் இவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பின எனக் கூறப்படுகிறது.

மருத்துவக் கல்வி

மருத்துவம் படிக்க அப்போது இவரிடம் பணம் இல்லை. எனவே பால்டிமோர் நகரின் மோர்கன் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் விளையாட்டு இயக்குநராகவும் அறிவியல் ஆசிரியராகவும் பணியாற்றிப் பொருள் சேர்த்தார். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பல கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்த்தவையும் மிகச் சிலரையே சேர்த்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஓராண்டு காத்திருக்குமாறு கூறியதால், ட்ரூ கனடாவின் மொன்றியால் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து 1928 இல் அங்கு சேர்ந்தார்.

மெக்கிலில் தடகள அணியின் தலைவராக இருந்துகொண்டே படிப்பிலும் முன்னணியில் நின்றார். 1933 இல் 137 பேர் கொண்ட வகுப்பில் இரண்டாம் இடம் பெற்று மருத்துவப் பட்டமும் அறுவை மருத்துவப் பட்டமும் பெற்றார். இங்கு ஆசிரியராக இருந்த ஜான் பீட்டி என்பவரின் தொடர்பால் அதிர்ச்சி நிலை, குருதி ஏற்றல் ஆகியவற்றில் இவருக்கு ஆர்வம் பிறந்தது. மருத்துவத்தில் அதிர்ச்சி நிலை என்பது மன அதிர்ச்சியைக் குறிக்காது. குருதி இழப்பு முதலிய காரணங்களால் உடலின் உறுப்புகளுக்குப் போதிய குருதி செல்லாமற் போகும் நிலையையே அச்சொல் குறிக்கிறது.

தந்தை இறந்தபின் 1935 இல் வாசிங்டனுக்குத் திரும்பிய ட்ரூ, ஹோவார்டு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயியல் ஆசிரியரானார். பின்னர் அதனுடன் இணைந்த பிரீட்மென்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவப் பயிற்சி பெற்றார். இம்மருத்துவமனை அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், விடுதலை பெற்ற அடிமைகளுக்கு மருத்துவம் அளிப்பதற்காகத் தொடங்கப்பட்டது.

குருதி சேமிப்பு பற்றிய ஆய்வு

1938 இல் ராக்பெல்லர் நிதியுதவியுடன் ட்ரூ நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் ஜான் ஸ்கடர் என்பவருடன் இணைந்து குருதி சேமிப்பை ஆராய்ந்தார்.

இத்துறை அப்போது புதியதன்று. குருதி வகைகளை கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1900-1901 ஆண்டுகளில் கண்டறிந்திருந்தார். சோடியம் சிட்ரேட்டு சேர்த்தால் குருதி உறையாது என்பது முதலாம் உலகப் போரின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1930-களில் சோவியத் ஒன்றியத்தில் சேமித்த குருதி பயன்பாட்டில் இருந்தது. சிக்காகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்டு பாண்டஸ் 1937 இல் குருதி வங்கி ஒன்றைத் தொடங்கினார். எனவே ட்ரூ குருதி வங்கியைக் கண்டுபிடித்தார் என்றோ குருதிநீர்மத்தைக் கண்டுபிடித்தார் என்றோ கூறுவது சரியன்று. இத்தகைய கூற்றுகள் பல நூல்களில் காணப்படுகின்றன.

ட்ரூ செய்தது வேறு வகையான பணி. சேமித்த குருதி எத்தனை நாள் தாங்கும், அதில் என்னென்ன மாற்றங்கள் நிகழ்கின்றன, எந்தக் கலத்தில் எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும், உறையாமல் தடுக்கும் பொருளை எந்த அளவில் சேர்க்க வேண்டும் என்பவற்றை முறையாக அளந்தார். நாட்கள் செல்லச் செல்லச் செங்குருதி அணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறிச் சுற்றியுள்ள நீர்மத்தில் சேர்வதை இக்குழுவினர் ஆராய்ந்தனர். 1939 ஆகத்து மாதத்தில் அம்மருத்துவமனையில் சோதனை முறையிலான குருதி வங்கி ஒன்று இவர்களால் அமைக்கப்பட்டது. இந்த ஆய்வுகளைத் தொகுத்து, சேமிக்கப்பட்ட குருதி பற்றிய ஆய்வேட்டை ட்ரூ 1940 இல் அளித்தார். அதற்காக மருத்துவ அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். கொலம்பியாவில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கர் இவரே.

பிரித்தானியாவுக்கான குருதித் திட்டம்

1940 இல் செருமனியின் வான் தாக்குதலுக்கு உள்ளான பிரித்தானியாவில் காயமுற்றோருக்குக் குருதி பெருமளவில் தேவைப்பட்டது. குருதியை அப்படியே கடல் கடந்து அனுப்புவது கடினம். சில நாட்களில் கெட்டுவிடும். குருதியிலிருந்து அணுக்களை நீக்கினால் எஞ்சும் மஞ்சள் நிற நீர்மத்தை நெடுநாள் வைத்திருக்கலாம். பலரின் நீர்மத்தை ஒன்றாகக் கலந்து, பெறுபவரின் குருதி வகையைப் பாராமலே அன்று செலுத்தினர். அது உயிர்வளியைச் சுமந்து செல்லாது. எனினும் குருதிக் குழாய்களில் குறைந்துபோன நீர்மத்தின் அளவை ஈடுசெய்து, அறுவை மருத்துவம் தொடங்கும்வரை நோயாளியைத் தாங்கிப் பிடிக்கும்.

நியூயார்க்கில் தொடங்கப்பட்ட இத்திட்டத்துக்கு 1940 இலையுதிர் காலத்தில் ட்ரூ மருத்துவ மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார். பல மருத்துவமனைகளில் குருதி சேகரிக்கப்பட்டதால், ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு முறை கையாளப்பட்டு வந்தது. ஒரு புட்டியில் நுண்ணுயிர் புகுந்தாலும், அதனுடன் கலந்த மற்றவையும் கெட்டுவிடும். ட்ரூ எல்லா இடங்களுக்கும் ஒரே செயல்முறையை வகுத்தார். காற்றுப் படாமல் நீர்மத்தைப் பிரித்தெடுப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணுயிர்ச் சோதனை செய்வது, பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது ஆகியன அதில் அடங்கும். 1941 சனவரியில் திட்டம் முடிவடைந்தபோது 14,556 குருதிக் கொடைகள் பெறப்பட்டிருந்தன. 5,000 இலிட்டருக்கும் மேற்பட்ட குருதிநீர்மக் கரைசல் அனுப்பப்பட்டிருந்தது.

செஞ்சிலுவைச் சங்கமும் குருதியில் இனப் பிரிவினையும்

பிரித்தானியத் திட்டத்தின் வெற்றியைத் தொடர்ந்து, அமெரிக்கப் படைகளுக்காக உலர்த்திய குருதிநீர்மம் தயாரிக்கும் முன்னோடித் திட்டம் ஒன்றை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் நியூயார்க்கில் தொடங்கியது. ட்ரூ அதன் துணை இயக்குநராகச் சில மாதங்கள் பணியாற்றினார். குருதிக் கொடையாளர்களைத் தேடிச் செல்லும் நடமாடும் ஊர்திகள் இத்திட்டத்தில் பயன்படுத்தப்பட்டன. 1941 ஏப்ரலில் அவர் ஹோவார்டு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார்.

நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட குருதித் திட்டத்தில் கறுப்பினத்தவரின் குருதி ஏற்கப்படமாட்டாது என்ற கொள்கை 1941 நவம்பரில் வெளியானது. எதிர்ப்பு எழுந்ததால் 1942 சனவரியில் அது மாற்றப்பட்டது. கறுப்பினத்தவரிடம் குருதி பெறப்பட்டது. ஆனால் தனியாகக் குறியிட்டு வைக்கப்பட்டது. திட்டத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ட்ரூவே அதற்குக் குருதி அளிக்க முடியாத நிலை முதல் விதியால் ஏற்பட்டிருந்தது.

இக்கொள்கையை எதிர்த்து ட்ரூ பதவி விலகினார் என்று பலவிடங்களில் எழுதப்பட்டுள்ளது. கொள்கை வெளியாவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே அவர் தம் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார் என்பதால் இது பொருந்தாது. ஆனால் அவர் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். வெவ்வேறு இனத்தவரின் குருதிக்கிடையே மருத்துவ நோக்கில் வேறுபாடு காட்டும் அறிவியல் சான்று எதுவும் இல்லை என்று எழுத்திலும் பேச்சிலும் எடுத்துரைத்தார். குருதி வகைகள் எல்லா இனத்தவரிடையேயும் காணப்படுபவை. தோல் நிறத்தை வைத்து ஒருவரின் குருதி வகையை அறிய இயலாது. செஞ்சிலுவைச் சங்கம் இப்பிரிவினையை 1950 இல் கைவிட்டது. லூசியானா மாநிலத்தில் இது சட்டமாகவே 1970-களின் தொடக்கம் வரை நீடித்தது.

ஹோவார்டு பல்கலைக்கழகப் பணி

1941 முதல் இறக்கும் வரை ட்ரூ ஹோவார்டு பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவத் துறைத் தலைவராகவும், பிரீட்மென்ஸ் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகவும் விளங்கினார். குருதி ஆய்வால் உலகறிந்தவராயினும், அவருடைய பெரும்பகுதி உழைப்பு கறுப்பின அறுவை மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதில்தான் சென்றது. 1941 முதல் 1950 வரை அமெரிக்க அறுவை மருத்துவ வாரியத்தின் சான்றிதழ் பெற்ற கறுப்பின மருத்துவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இவரிடம் பயின்றவர்கள். அவ்வாரியத்தின் தேர்வாளராக அமர்த்தப்பட்ட முதல் ஆபிரிக்க அமெரிக்கரும் இவரே.

இவருக்கு 1944 இல் ஸ்பிங்கார்ன் பதக்கம் வழங்கப்பட்டது. இருப்பினும் அமெரிக்க மருத்துவர் சங்கத்தில் உறுப்பினராக இவரால் சேர முடியவில்லை. அச்சங்கத்தில் சேர உள்ளூர்க் கிளையின் உறுப்புரிமை வேண்டும். உள்ளூர்க் கிளை கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. இதைக் கண்டித்து 1947 இல் அவர் சங்கத்தின் இதழுக்கு எழுதினார்.

விபத்தும் மறைவும்

அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகரிலுள்ள ஜான் ஆண்ட்ரூ நினைவு மருத்துவமனையில் ஆண்டுதோறும் இலவச மருத்துவ முகாம் நடைபெற்று வந்தது. ட்ரூ அதில் தவறாமல் பங்கேற்பார். 1950 இல் அதற்காக மூன்று மருத்துவர்களுடன் மகிழுந்தில் புறப்பட்டார். தென் மாநிலங்களில் பெரும்பாலான விடுதிகள் கறுப்பினத்தவருக்கு இடமளிப்பதில்லை. எனவே இரவு முழுவதும் முறைவைத்து ஓட்டிச் செல்வது அவர்களுக்கு வழக்கமாக இருந்தது. முந்தைய நாள் முழுவதும் பணியில் இருந்த ட்ரூவுக்குப் போதிய ஓய்வு கிடைத்திருக்கவில்லை.

ஏப்ரல் 1 காலை ஏறத்தாழ 8 மணிக்கு, வட கரோலைனாவின் ஹா ரிவர் என்ற ஊருக்கு அருகே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த ட்ரூ கண்ணயர்ந்தார். மகிழுந்து சாலையை விட்டு விலகிப் பலமுறை உருண்டது. உடன் வந்த மூவரும் உயிருக்கு ஆபத்தில்லாத காயங்களுடன் தப்பினர். ட்ரூவின் பாதம் மிதிகட்டையில் சிக்கிக்கொள்ள, உடல் பாதி வெளியே வீசப்பட்ட நிலையில் வண்டி அவர்மீது உருண்டது. தலையிலும் காலிலும் கடுங்காயம் ஏற்பட்டதுடன் மார்பும் நசுங்கியது.

அருகிலிருந்த பர்லிங்டன் நகரின் அலமான்ஸ் பொது மருத்துவமனைக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். அது நோயாளிகளை இன அடிப்படையில் தனித்தனியே வைத்திருந்த ஒரு சிறிய மருத்துவமனை. ஆனால் அவசரப் பிரிவில் அவர் உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டார். அங்கிருந்த வெள்ளையின மருத்துவர்கள் அவரை யாரென அறிந்து, இயன்றதனைத்தையும் செய்தனர். விபத்து நடந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின் அவர் இறந்தார்.

காயத்தின் மருத்துவ விளக்கம்

சாலை விபத்துகளில் குருதிக் குழாய்கள் மூன்று வழிகளில் பெரிதும் சேதமடைகின்றன. முறிந்த எலும்பின் முனை குழாயைக் கிழிக்கலாம். உடல் நசுங்கும்போது குழாயும் நசுங்கலாம். விரைந்து செல்லும் வண்டி திடீரென நிற்கும்போது, உடலினுள் அசையக்கூடிய பகுதி முன்னோக்கிச் செல்ல, பிணைக்கப்பட்ட பகுதி நின்றுவிடுவதால் இடைப்பட்ட இடம் கிழியலாம். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிவது பெரும்பாலும் இம்மூன்றாம் வழியில்தான்.

விபத்தில் உடனிருந்த மருத்துவர் ஜான் போர்டு பின்னாளில் அளித்த விளக்கத்தின்படி, ட்ரூவின் மார்புக் காயம் மேற்பெருஞ்சிரை வழியாகக் குருதி இதயத்துக்குத் திரும்புவதைத் தடுத்துவிட்டது. தலை, கழுத்து, கைகள், மேல் மார்பு ஆகியவற்றின் குருதியை இதயத்தின் வலது மேலறைக்குக் கொண்டுவருவது இந்தச் சிரையே. தமனிகளைப் போலன்றிச் சிரைகளின் சுவர் மெல்லியது, உள்ளழுத்தமும் குறைவு. எனவே வெளியிலிருந்து வரும் அழுத்தத்தில் எளிதில் மூடிக்கொள்ளும். மூடினால் மேலுடலின் குருதி திரும்ப வழியின்றித் தேங்கும். தலைக்குள் அழுத்தம் உயரும். இதயத்துக்கு வந்துசேரும் குருதி குறையும்.

இந்நிலையில் கையிலுள்ள சிரை வழியாக எவ்வளவு குருதி ஏற்றினாலும் அது நேர்வழியில் இதயத்தை அடையாது, தேக்கத்தையே கூட்டும். குருதி ஏற்றியிருந்தால் ட்ரூ இன்னும் விரைவாக இறந்திருப்பார் என்பதே போர்டின் கருத்து. இழந்த குருதியை ஈடுசெய்ய உலகுக்கு வழிகாட்டியவரின் உயிரைக் காக்க, எந்த அளவு குருதியாலும் இயன்றிராது.

அன்றைய அறுவை மருத்துவத்தின் எல்லையையும் இங்கு நோக்க வேண்டும். குருதிக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக அலெக்சிஸ் கேரல் 1912 இலேயே நோபல் பரிசு பெற்றிருந்தார். ஆயினும் இரண்டாம் உலகப் போரில் கை, கால்களின் பெருந்தமனிகள் அறுபட்டபோது பெரும்பாலும் அவற்றைக் கட்டிவிடுவதே வழக்கம். அவ்வாறு காயமுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த உறுப்பை இழந்தனர். 1950-1953 கொரியப் போரில்தான் குழாய்களைச் செப்பனிடும் முறை பரவலாகி, அந்த இழப்பு ஏறத்தாழ 13 விழுக்காடாகக் குறைந்தது. மார்புக்குள் இருக்கும் பெருங்குழாய்களைச் செப்பனிடுவது இவற்றினும் கடினம். இதயத்தின் பணியைத் தற்காலிகமாக ஏற்கும் இதய-நுரையீரல் இயந்திரம் மனிதரிடம் வெற்றிகரமாகப் பயன்பட்டது 1953 இல்தான். உடலை வண்டிக்குள்ளேயே இருத்தும் இருக்கைப் பட்டையும் 1950 இல் வழக்கில் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் புதிய மகிழுந்துகளில் அது கட்டாயமாக்கப்பட்டது 1968 இல்.

மறைவு பற்றிய தவறான செய்தி

வெள்ளையினத்தவருக்கான மருத்துவமனை ட்ரூவைச் சேர்க்க மறுத்தது, அல்லது குருதி ஏற்ற மறுத்தது, அதனால் குருதி இழந்து அவர் இறந்தார் என்ற செய்தி விரைவிலேயே பரவத் தொடங்கியது. 1960-களில் குடியுரிமை இயக்கத்தினர் பலர் இதை எடுத்துரைத்தனர். 1973 இல் மாஷ் என்ற தொலைக்காட்சித் தொடரிலும் இடம்பெற்றதால் மேலும் பலரைச் சென்றடைந்தது. உடன் பயணித்த மருத்துவர்கள் இதை மறுத்துள்ளனர். ட்ரூவின் மனைவி லெனோர், தம் கணவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

வரலாற்றாளர் ஸ்பென்சி லவ் 1996 இல் வெளியிட்ட நூலில் இச்செய்தியின் தோற்றத்தை ஆராய்ந்தார். ட்ரூ இறந்து சரியாக எட்டு மாதங்கள் கழித்து, 1950 திசம்பர் 1 அன்று, அதே அலமான்ஸ் மாவட்டத்தில் இளைஞர் ஒருவர் மகிழுந்து விபத்தில் சிக்கினார். அவர் கறுப்பின மாணவர். உலகப் போரில் பணியாற்றியவர். அதே அலமான்ஸ் மருத்துவமனை முதலுதவி அளித்து அவரை டர்ஹாம் நகரின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பியது. கறுப்பினத்தவருக்கான படுக்கைகள் நிரம்பிவிட்டன என்று கூறி அங்கு அவர் திருப்பி அனுப்பப்பட்டார். கறுப்பினத்தவருக்கான லிங்கன் மருத்துவமனையைச் சென்றடைந்த சிறிது நேரத்தில் இறந்தார். இவ்விரு இறப்புகளும் மக்கள் நினைவில் ஒன்றாகக் கலந்திருக்கலாம் என்பது லவ்வின் முடிவு.

ஆகவே இச்செய்தி ட்ரூவைப் பொறுத்தவரை தவறு. அக்காலத்து மருத்துவமனைகளைப் பொறுத்தவரை வெறுங்கற்பனையன்று. அதை ட்ரூவின் பெயரால் தொடர்ந்து கூறுவதால் இரு இழப்புகள் நேர்கின்றன. ட்ரூவைக் காக்க முயன்ற மருத்துவர்கள்மீது வீண்பழி விழுகிறது. உண்மையிலேயே திருப்பி அனுப்பப்பட்டு இறந்த அந்த மாணவரோ மறக்கப்படுகிறார்.

குடும்பம்

ட்ரூ 1939 இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் மனையியல் கற்பித்துவந்த மின்னி லெனோர் ராபின்சை மணந்தார். இவர்களுக்கு மூன்று பெண்களும் ஓர் ஆணுமாக நான்கு பிள்ளைகள். மூத்த மகளை பீபீ என்று அழைத்தனர். குருதி வங்கி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது.

நினைவுச் சிறப்புகள்

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1966 இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்வி நிறுவனத்துக்கு ட்ரூவின் பெயர் சூட்டப்பட்டது. அது இன்று சார்லஸ் ட்ரூ மருத்துவ, அறிவியல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் அவர் வாழ்ந்த வீடு 1976 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1981 இல் அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. 2010 இல் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. விபத்து நடந்த ஹா ரிவர் சாலையோரத்தில் 1986 முதல் ஒரு நினைவுக் கல் நிற்கிறது.